பின்னால் நின்றவள்

வீட்டில் பொங்குவதைவிட வண்டியில் இட்லி மாவு சீக்கிரம் பொங்கிவிடும். காரணம் எளிது. இஞ்சின் சூடு தரைத் தகடு வழியாக மேலே ஏறி வரும். ரோட்டின் குலுக்கல் மாவைக் கிண்டிக்கொண்டே இருக்கும். அதனால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது, மூடியை இறுக்கவும் கூடாது. திலகவதி இதைக் கற்றுக்கொண்டது பழவேற்காட்டுக்குப் போன முதல் பயணத்தில். மறுநாள் விடிந்து பார்த்தால் மாவு அலமாரியை விட்டு இறங்கி, கட்டில் வரை நடந்து வந்திருந்தது.

அந்த அலமாரியைத்தான் இப்போது ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மீஞ்சூரிலிருந்து சின்னதுரை என்பவன் கிளம்பி வந்துகொண்டிருந்தான். வண்டியை வாங்கிக்கொண்டு போக.

அவளுடைய கணவர் குப்புராஜ் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும், ஒரு பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட வேனை வாங்கி, வீட்டுப் பக்கத்துச் சந்தில் நிறுத்தி, ஒரு வருஷம் அதனுள்ளேயே குடியிருந்தார். சீட்டுகளைக் கழற்றினார். கட்டில் போட்டார், அடுப்பு வைத்தார், பின்னால் ஒரு ஆள் மட்டும் நிற்கிற அளவுக்குக் குளியலறை கட்டினார். கூரைக்கு ஏற வெளியே ஒரு ஏணியும் வைத்தார். உறவுக்காரர்கள் வந்து பார்த்து, "இன்னாடா குப்பு, ஊடு இருக்கச்சொல்ல இன்னொரு ஊடா?" என்று சிரித்தார்கள். அதற்கப்புறம் ஆறு வருஷம், மழைக்காலம் தவிர, அவர்கள் அந்த வீட்டில் இருந்ததைவிட இந்த வீட்டில் இருந்ததுதான் அதிகம்.

சின்னதுரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். பின்னால் ஒரு டிரைவரும் இருந்தான். பெயர் ஜெரால்ட். தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு எலுமிச்சம்பழம் எல்லாம் சின்னதுரை கொண்டு வந்திருந்தான்.

"வாப்பா. உள்ள ஏறு, காட்றேன்" என்றார் குப்புராஜ். அவருக்கு வண்டியைக் காட்டுவதென்றால் போதும்.

முதலில் கட்டிலைத் தூக்கிக் காட்டினார். அடியில் தண்ணீர்த் தொட்டி. "தொட்டி பாதி காலியா இருக்கச்சொல்ல பிரேக் போட்டின்னு வெச்சிக்கோ, தண்ணி மொத்தமும் முன்னால வந்து மோதும். வண்டியையே தள்ளும். அதனால உள்ள ரெண்டு தகடு வெச்சிக்கிறேன், ஓட்டை போட்டு. தண்ணி ஓட்டை வழியாத்தான் போவணும். மெதுவாப் போவும். மோதாது."

"சரிங்க சார்."

"இது பேட்டரி. ரெண்டு இருக்குது பார். ஒண்ணு இஞ்சினுக்கு, ஒண்ணு ஊட்டுக்கு. ராத்திரி ஃபேன் ஓடிக்கினே இருந்தா ஊட்டு பேட்டரிதான் எறங்கும். காலைல வண்டி ஸ்டார்ட் ஆவற பேட்டரில அது கைய வெக்காது."

இரண்டு பேட்டரி வந்த கதை திலகவதிக்குத் தெரியும். முதலில் ஒன்றுதான் இருந்தது. ஸ்ரீசைலம் காட்டில் இரவு முழுக்க ஃபேன் போட்டுத் தூங்கி எழுந்தால் வண்டி முனகக்கூட இல்லை. செக்போஸ்ட் ஆட்கள் வந்து தள்ளுகிற வரைக்கும் இரண்டு பேரும் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு மூட்டைக் கடலையை உரித்துத் தின்றார்கள். அவளுடைய கல்யாண வாழ்க்கையில் அவர் எங்கேயும் போகாமல், எதையும் கழற்றிப் பூட்டாமல், அவள் பக்கத்தில் அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

சின்னதுரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "சார், தப்பா நெனைக்காதீங்க. எனக்கு வண்டி மட்டும் போதும். பவர் பிளான்ட் கேட்டாண்ட நாஷ்டா கட போடப்போறேன். இந்தக் கட்டிலு, டேங்கு, பாத்ரூமு எல்லாம் பிரிச்சி எடுத்துருவோம். உங்களுக்கு வேணும்னா வெச்சிக்கோங்க."

"பிரிச்சிருவியா?"

"தோச கல்லு வெக்க எடம் வேணுமே சார்."

குப்புராஜ் கட்டிலை மெதுவாக இறக்கினார். "அதுவும் சரிதான்" என்றார்.

இந்த விற்பனை அவருடைய முடிவுதான். எட்டு மாதத்துக்கு முன்னால் கண் டாக்டர் அவரை உட்கார வைத்து விளக்கியிருந்தார். கண்ணுக்குள் பிரஷர் ஏறி, நரம்பு ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வருகிறது. நேராகப் பார்த்தால் பஸ் நம்பர்கூடத் தெரியும். ஆனால் பக்கத்தில் வருகிறவன் தெரியமாட்டான். ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல. மருந்து போட்டால் இதோடு நிற்கும், போனது திரும்பாது. வண்டி ஓட்டவே கூடாது.

ஒரு தடவை டிரைவர் வைத்துப் பார்த்தார்கள். அவன் நல்லவன்தான். ஆனால் கிளம்பும்போதே, "எத்தினி மணிக்கு ரீச் ஆவணும் சார்?" என்று கேட்டான். அவர்களுக்கு ரீச் ஆகிற பழக்கமே கிடையாது. நல்ல ஆலமரம் தெரிந்தால் நிற்பார்கள், கத்தரிக்காய் பிஞ்சாக இருந்தால் நிற்பார்கள். இரவில் அவன் முன் சீட்டில் படுத்துக்கொண்டான். பின்னால் இவர்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வார்டில் பேசுவது போலக் குசுகுசுவென்று பேசினார்கள். நெல்லூரோடு திரும்பிவிட்டார்கள்.

"கடைசியா இன்னா பண்லாம்ன்ற?" என்று குப்புராஜ் அன்று கேட்டார். வண்டியில் அவளுடைய இடம் இடது சீட்டு. அது இல்லையென்றால் வண்டிக்குப் பின்னால். வேறொரு இடத்தை அவள் யோசித்ததேயில்லை. "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டாள். சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியில்லை. இனி காலையில் எழுந்தால் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர்தான். அடுத்த நாளும் அதே சுவர்தான்.

"நேரம் நல்லா இருக்கச்சொல்லவே எடுத்துருவோம் சார்" என்றான் சின்னதுரை. மீஞ்சூரில் மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டிவிட்டு, திருப்தியென்றால் கணக்கை முடிப்பதாகப் பேச்சு. எலுமிச்சம்பழத்தை முன் சக்கரத்தடியில் வைத்தான். பிறகு, வண்டி பின்பக்கமாகத்தானே போகப்போகிறது என்று நினைவு வந்து, எடுத்துப் பின் சக்கரத்தடியில் வைத்தான்.

சந்து முட்டுச் சந்து. வண்டி மூக்கை உள்ளே விட்டு நின்றிருந்தது; ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும். கேட் தூண்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியைக் குப்புராஜ் வண்டியை அளந்து கட்டியிருந்தார். இரண்டு பக்கமும் ஒரு சாண்கூட மிஞ்சாது.

ஜெரால்ட் ஏறி உட்கார்ந்தான். திலகவதி பழக்கதோஷத்தில் வண்டியின் பின்பக்க வலது மூலைக்குப் போய் நின்றாள். அது அவளுடைய இடம். நட்ட நடுவில் நின்றால் டிரைவருக்குத் தெரியாது. வண்டியின் முதுகு மறைத்துவிடும். வலது மூலைக்கு வெளியே இரண்டு அடி தள்ளி நின்றால்தான் அவன் பக்கத்துக் கண்ணாடியில் முழு ஆளாகத் தெரியும்.

இனி நடந்ததைப் புரிந்துகொள்ள, கிரேனைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். கிரேன் ஓட்டுகிறவர் கூரைக்குப் பக்கத்தில், கூண்டுக்குள் இருப்பார். கீழே ஆலை இரைகிற இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது. அதனால் கீழே ஒருவர் நின்று கையால் சொல்லுவார். விரித்த உள்ளங்கையை ஒரு பக்கமாகத் தள்ளினால், அந்தப் பக்கம் நகர்த்து என்று அர்த்தம். கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க வீசினால், நில். ஒரு கைக்கு மேல் இன்னொரு உள்ளங்கையைக் கூரை மாதிரி பிடித்தால், மெதுவாக. குப்புராஜுக்கு வேறு பாஷை தெரியாது. முப்பது வருஷம் கைகளைப் பார்த்தே வேலை செய்தவர். அதைத்தான் திலகவதிக்கும் சொல்லிக்கொடுத்தார். அரக்கு மலைப்பாதையிலும், கோபால்பூர் கடற்கரை மணலிலும், அந்தக் கைகளை நம்பித்தான் அவர் பின்னால் வந்தார். எல்லா வண்டிக்கும் அதுதான் பாஷை என்று அவளும் நினைத்திருந்தாள்.

ஜெரால்ட் சற்று வளைந்து வந்தான். கொஞ்சம் முன்னால் போய்த் திருத்திக்கொண்டு வரட்டும் என்று அவள் உள்ளங்கையை முன்னால் தள்ளினாள். அவன் நின்றுவிட்டான். மறுபடி தள்ளினாள். அவன் அசையவில்லை.

"இன்னாக்கா, நிறுத்திட்டேன்ல? இன்னும் இன்னா நில்லு நில்லுன்றீங்க?"

"முன்னால போப்பா!"

போனான், வந்தான். இந்த முறை ஏணி நேராகத் தூணைப் பார்த்து வந்தது. அவள் கையை நீட்டி வீசினாள். அவன் வந்தான். வேகமாக வீசினாள். அவனும் வேகமாக வந்தான். பின்புற ஏணி தூணில் இடித்து வளைந்தது. பின் விளக்குக் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது.

ஜெரால்ட் குதித்து இறங்கினான். "வா வான்னு கூப்ட்டுட்டு இப்ப பாருங்க! இந்தக்கா கைக்கு வண்டி ஓட்டினா நான் ஆஸ்பத்திரிலதான் போய் நிப்பேன். தூண இடிச்சிருங்க சார், அப்பதான் வரும். அந்த ஏணிய வேற எவன் வெச்சான்!"

"நான்தான் வெச்சேன்" என்றார் குப்புராஜ்.

"தூண இடிக்கறதா?" என்றாள் திலகவதி. ஆறு வருஷத்தில் அவள் கைக்கு வந்த வண்டி எதிலும் இடித்ததில்லை. "நீ எறங்கிட்டல்ல? தள்ளு."

"எங்க போறீங்க?"

"மேல."

வலது கதவைத் திறந்து ஏறினாள். சீட்டு அவளுக்குப் புதிதில்லை. குப்புராஜ் ஓட்டுவதை நிறுத்தியதிலிருந்து வாரம் ஒரு நாள் அவள்தான் இஞ்சினை முடுக்கி, வண்டியை இரண்டு அடி முன்னாலும் இரண்டு அடி பின்னாலும் நகர்த்தி வைப்பாள். ஒரே இடத்தில் நின்றால் பாரம் தாங்கி டயர் தட்டையாகிவிடும். அதற்கு முன்னால், ஊத்துக்கோட்டைப் பக்கம் பிறந்த வீட்டு வயலில், அப்பா வைக்கோலை ஏற்றும்போது டிராக்டரை வரிசை வரிசையாக நகர்த்தியது அவள்தான். அதெல்லாம் ஓட்டுவது என்ற கணக்கில் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"யோவ், பின்னால போய் நில்லு" என்றாள்.

குப்புராஜ் தயங்கினார். "எனக்கு ஓரம் தெரியாதேடி."

"தெரிஞ்ச வரைக்கும் சொல்லு."

அவர் போய் நின்றார். திலகவதி கண்ணாடியைப் பார்த்தாள். ஆறு வருஷமாக அவர் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடி. அதில் இப்போது அவரே சின்னதாகத் தெரிந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி நின்றார். தானும் இப்படித்தான் தெரிந்திருப்போமா என்று நினைத்தாள்.

முதலில் வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுத்து நேராக்கினாள். கை வா என்றது. கிளட்சை விட்டாள். வண்டி பின்னால் ஊர்ந்தது.

அப்போது ஒன்றைக் கவனித்தாள். அவர் தலை ஒரு பக்கம் திரும்பி வலது தூணைப் பார்த்தது. பிறகு மறுபக்கம் முழுசாகத் திரும்பி இடது தூணைப் பார்த்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் அவரால் பார்க்க முடியவில்லை. குழாயைத் திருப்புவது போலத் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார். தலை இந்தப் பக்கம் இருக்கும்போது அந்தப் பக்கம் அவருக்கு ஒன்றுமே இல்லை.

அவள் பிரேக்கை மிதித்தாள். தலை இடது பக்கம் போய்த் திரும்பி வரும்வரை காத்திருந்தாள். வந்தது. ஒரு முழம் விட்டாள். மறுபடி நின்றாள். அவர் ஒரு கையின் மேல் இன்னொரு கையைக் கூரை மாதிரி பிடித்தார். மெதுவாக.

"இத விட மெதுவான்னா எறங்கித் தள்ளத்தான்யா வேணும்!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

ஜெரால்ட் சிரித்துவிட்டான்.

ஒரு முழம், ஒரு நிறுத்தம், ஒரு திரும்பல். வளைந்த ஏணி தூணை உரசாமல் தாண்டியது. வண்டியின் அகலம் அவள் தோளில் இருந்தது. இத்தனை வருஷம் தூணுக்கும் தகரத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பார்த்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கக் கண்ணாடிகள் தாண்டின. மூக்கு தாண்டியது. தெருவுக்கு வந்து வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

"சூப்பர்க்கா!" சின்னதுரை ஓடி வந்து கையை நீட்டினான். "சாவி குடுங்க. ஜெரால்ட் எடுத்துக்கினு வரட்டும்."

திலகவதி சாவியைத் திருகி இஞ்சினை நிறுத்தினாள். சாவியைக் கழற்றவில்லை.

"சின்னதொர, வண்டி விக்கலப்பா."

"இன்னாது?"

"விக்கல."

"அக்கா, தட்டெல்லாம் மாத்தப்போற நேரத்துல இப்டி பேஜாரு பண்றீங்களே! சார், சொல்லுங்க சார்."

குப்புராஜ் வண்டியைச் சுற்றி முன்னால் வந்தார். அவள் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார். "இன்னா திலகா இது? யாரு ஓட்றது?"

"இப்ப யாரு ஓட்டுனா?"

"சந்துல ஓட்டுனது ஓட்டுனதா? உனக்கு வயசு அறுபத்தி ஒண்ணு. லைசென்ஸ் வேணும், எட்டுப் போட்டுக் காட்டணும்..."

"எட்டுதான போடணும்? போடறேன். ரெண்டு தடவ ஃபெயிலானா மூணாவது தடவ போடறேன். நீ ஓட்டுன மாதிரி நான் ஓட்டமாட்டேன். மாட்டு வண்டிகூட என்ன ஓவர்டேக் பண்ணட்டும். நமக்கு எங்க ரீச் ஆவணும்?" அவள் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டாள். "அந்த எதுத்த சொவத்தப் பாத்துக்கினு என்னால ஒக்கார முடியாதுயா."

குப்புராஜ் தலையைத் திருப்பி எதிர்வீட்டுச் சுவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு சின்னதுரையிடம் திரும்பினார். "மன்னிச்சிக்கப்பா. நாஷ்டா கடைக்கு வேற வண்டி நானே தேடித் தரேன். அடுப்பு எப்டி வெக்கணும், தண்ணி எப்டி வெளிய விடணும், எல்லாம் வந்து சொல்றேன்."

"அத வேற கேக்கணுமா நான்?" என்று முனகிக்கொண்டு சின்னதுரை தட்டை எடுத்துக்கொண்டான். ஜெரால்ட் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். போகிற போக்கில் அவளைப் பார்த்துத் திரும்பி, "அக்கா, லைசென்ஸ் டெஸ்ட்ல அந்தக் கைய மட்டும் காட்டிறாதீங்க!" என்று கத்திவிட்டுப் போனான்.

தெருவில் நிற்கிற வண்டியை மறுபடி உள்ளே விட வேண்டும். மூக்கை முன்னால் விடுவது சுலபம். பின்னால் யாரும் நிற்கத் தேவையில்லை. குப்புராஜ் எங்கே போவதென்று தெரியாமல் நின்றார். பிறகு சுற்றிக்கொண்டு வந்து இடது கதவைத் திறந்து, அவளுடைய சீட்டில் ஏறி உட்கார்ந்தார். காலை எங்கே வைப்பது என்று பார்த்தார். பெல்ட்டை இழுத்தார், பாதியில் மாட்டிக்கொண்டது. இன்னும் பலமாக இழுத்தார்.

"இழுக்காத. உள்ள தள்ளி, கொஞ்சம் மேல தூக்கி, அப்புறம் இழு" என்றாள். அவரால் முடியவில்லை. அவளே எட்டிச் சாய்ந்து, தள்ளி, தூக்கி, இழுத்து மாட்டினாள்.

"இது எப்பலேர்ந்து இப்டி?"

"மொதல்லேர்ந்தே இப்டித்தான்."

"இந்த வண்டில ஒரு ஸ்க்ரூ விடாம நான் போட்டது. எனக்கே தெரியாதே. சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா கழட்டிப் போட்டுக்கினு ஒக்காந்துருவ. வண்டி கெளம்பாது."

குப்புராஜ் பெல்ட்டின் கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார். "இது உள்ள ஒரு பல் சக்கரம் இருக்கும் திலகா. வேகமா இழுத்தா பூட்டிக்கும், மெதுவா இழுத்தா விடும். அதுல ஸ்ப்ரிங்கு..."

"கைய எடு" என்று சொல்லிவிட்டு அவள் சாவியைத் திருப்பினாள்.