நூறு கேபிக்குள் கெங்கம்மாள்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, பொறுக்கினேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பிளெக்ஸ் கடை. கதை கேட்ட இணைய இதழ் என் போட்டோவையும் கேட்டிருந்தது. போட்டோ நூறு கேபிக்குள், கதை ஐந்நூற்றைம்பது சொல்லுக்குள். மூஞ்சியைச் சுருக்கித்தர ஆள் தேடிப் போனேன். எனக்கு முன்னால் இன்னொரு போட்டோ வரிசையில் நின்றது.

2

தொடக்கம்:

மெட்ரோ தூண்களுக்கு நடுவே காலைச் சூரியன்— (வேண்டாம். தூணைத்தான் பார்த்தேன்.)

நாகவல்லியின் விரல்கள் மவுஸின் மேல் நடனமா— (ஆடவில்லை. இன்னொரு கையில் பஜ்ஜி இருந்தது.)

நேராகச் சொல்லிவிடுகிறேன். நாகவல்லி அந்தக் கடையின் டிசைனர். எதையும் பெரிதாக்கியே பழகியவள். காதுகுத்து பேனரில் தாய்மாமன் மூக்கை முறம் அளவுக்கு இழுத்துவிடுவாள். அவளிடம் சின்னதாக்கச் சொல்லி வந்து நின்றார் வேம்புலி, கான்கிரீட் போட ஆள் அனுப்பும் மேஸ்திரி. அம்பத்தூரில் அடுக்குமாடி கட்டும் ஒரு கம்பெனியின் வெப்சைட்டில், மதியம் பன்னிரண்டு மணிக்குள் அவர் தன் ஆட்களின் போட்டோவை ஏற்ற வேண்டும். ஏற்றினால்தான் வேலை. அங்கேயும் நூறு கேபிதான். போட்டோவில் நடுவே ஆட்கள், ஓரத்தில் ஜல்லிக் குவியல்; ஒன்பது எம்பி.

நாகவல்லி படத்தின் மூலையைப் பிடித்து ஸ்டாம்ப் அளவுக்கு இழுத்து, சேமித்தாள். பார்வைக்குச் சுருங்கியது. எடை அதே ஒன்பது. பேனர் கை அது. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு நீள அகலத்தைக் குறைத்தாள். நானூறு கேபி. தரத்தைக் குறைத்தாள். நூற்றுத் தொண்ணூறு. அதற்குக் கீழே போனால் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன.

3

“இன்னாமா, எறங்க மாட்டேன்து?”

“ஜல்லிண்ணா. ஒவ்வொரு கல்லையும் தனித்தனியா ஞாபகம் வெச்சிக்கிது. வானம் எம்மாம் பெருசு, அது லேசு. ஆளுங்கள வுட அந்தக் குமிதான் வெயிட்டு.”

ஸ்டூலில் இருந்த கெங்கம்மாள் சிரித்துவிட்டாள். வேம்புலியிடம் பன்னிரண்டு வருஷமாக ஜல்லி சுமப்பவள்; போட்டோவில் முகம் சரியாக விழுந்ததா என்று பார்க்கக் கூடவே வந்திருந்தாள். “இத்த சொல்ல கம்பூட்டரு வேணுமா? தலைல தூக்கறவ, என்னக் கேட்டா சொல்லமாட்டேன்?”

“அப்போ குமிய வெட்டிடு,” என்றார் வேம்புலி.

“வெட்னா அக்காவும் பூடும். குமி பக்கத்துலதான் நிக்கிது.”

“கெங்கா, ஒன்ன யாரு அங்க போயி நிக்கச் சொன்னது?”

“நீதான் மேஸ்திரி. பன்னெண்டு வருசமா அங்கதான நிக்கறேன்?”

வேம்புலி கூரையில் சுற்றிய ஃபேனைப் பார்த்தார்.

“சேக்காட்ல, ஆவடில, எத்தினி ஊடு கட்டிக்கீறேன்,” என்றாள் கெங்கம்மாள். “பால் காச்சினப்புறம் ஒரு சொம்பு தண்ணி குடிக்க வாட்ச்மேன் உள்ள வுடறானா? இந்தப் படத்துலயாச்சும் நான் நிக்கறேனே, பாப்பா.”

4

கதை இங்கே எழுநூறு சொல்லைத் தாண்டிவிட்டது. இதழின் ஆசிரியர் போனில் அன்பாகச் சொன்னார்: “அந்த அம்மாவை எடுத்துட்டா கச்சிதமா இருக்கும் சார்.”

நான் வேறு இடத்தில் கை வைத்தேன். நாகவல்லிக்குப் பட்டாபிராமில் ஒரு காதல் வைத்திருந்தேன், தூக்கிவிட்டேன். அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வேம்புலியின் இரண்டாம் கல்யாணமும் போனது.

(அடிக்குறிப்பு: என் அம்மாவும் ஜல்லி தூக்கியவள். அதைக் காட்டி உங்களிடம் கண்ணீர் கறக்கப் போவதில்லை.)

5

நாகவல்லி குமியை மட்டும் வளைத்து மங்கலாக்கினாள்.

“இன்னாமா, ஜல்லி கூழு மாதிரி கீது? முக்கா இன்ச்சு கல்லும்மா அது! இன்ஜினியரு பாத்தா இன்னா நெனப்பான்?” என்றார் வேம்புலி.

நூற்றெட்டு கேபி. மணி பதினொன்று ஐம்பது.

“இன்னும் எட்டு கொறையணும்,” என்ற நாகவல்லி, படத்தின் நடுவே நின்ற வேம்புலியைப் பார்த்தாள். பிறகு எதிரே நின்ற வேம்புலியைப் பார்த்தாள். அதே சட்டை. “அண்ணா, தப்பா நெனச்சிக்காத. ஒன் பூப்போட்ட சட்டையும் ஜல்லி மாதிரிதாண்ணா. ஒவ்வொரு பூவும் வெயிட்டு.”

“கழட்டு மேஸ்திரி,” என்றாள் கெங்கம்மாள்.

வேம்புலியின் கை அவரை அறியாமல் மேல் பித்தானைப் பிடித்துக்கொண்டது.

6

முடிவுகள்:

(அ) நாகவல்லி சட்டைப் பூக்களை அழிக்கிறாள். நூறு கேபி. மூவரும் சிரிக்கிறார்கள். (நல்ல முடிவுதான். ஆனால் கடையில் காசு கொடுப்பவர் வேம்புலி.)

(ஆ) ஓரத்தை வெட்டுகிறாள். எழுபது கேபி, ஒரே நொடி. (பெரும்பாலும் நடப்பது இதுதான். எழுதத்தான் கை வரவில்லை.)

(இ) பேசிப்பேசியே பன்னிரண்டு ஆகிவிடுகி— (கூடாது. வேலை போனால் கெங்கம்மாளின் கூலியும் போகும்.)

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு என் பஸ் வந்தது. ஏறிவிட்டேன். என் போட்டோ இன்னும் நாலு எம்பியில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் என் முகம் இல்லையென்றால் காரணம் அதுதான்.

ஆகவே மவுஸ் இனி உங்கள் கையில். எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். கெங்கம்மாளை வெட்டுவதென்றால் மட்டும் அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். தூரமில்லை, இரண்டடி தள்ளி ஸ்டூலில்தான் இருக்கிறாள், திரையில் தன்னைத் தேடிக் கழுத்தை நீட்டியபடி.