ராசியான பாஸ்வேர்ட்

உஸ்மான் சாலையை ஒட்டிய அந்தப் பட்டுக்கடையின் மூன்றாம் மாடியில், சேலைப் பெட்டிகளுக்கு நடுவே ஜொவிட்டா கணினி முன் உட்கார்ந்திருந்தாள். அவள் பொறுப்பிலிருந்த கடை இணையதளத்தைத் தட்டினால் சேலை வரவில்லை. ஏதோ சூதாட்டப் பக்கம் திறந்தது. சில செல்போன்களில் அதுவும் இல்லை, 'ஆபத்தான தளம்' என்று சிவப்புத் திரைதான். கீழே ஆடித் தள்ளுபடிக் கூட்டம் படியை அடைத்துக்கொண்டு நின்றது.

முதலாளி சண்முகவேல் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். மலேசியாவிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன் போட்டுச் சிரித்திருக்கிறார்.

"ஏம்மா, கடைய நம்பி உங்கிட்ட குடுத்தா சீட்டாட்ட கிளப்பா ஆக்கி வச்சிருக்கியே?"

"ஹேக் பண்ணிட்டாங்க அண்ணாச்சி. உங்க மருமகன் பேர்ல யாரோ உள்ள வந்திருக்காங்க. கடை பாஸ்வேர்டையே அவர் வெளிய எல்லாத்துக்கும் போட்டு வச்சிருக்கார். எங்கயோ கசிஞ்சிருக்கு."

"பாஸ்வேர்டால இருக்காது. கூட்டினா ஆறு வரும், சுக்கிரன். ஜோசியர் குறிச்சுக் குடுத்ததுல்லா."

தளம் தொடங்கிய அன்று பூஜை போட்டு, ஜோசியர் சொன்ன அந்தப் பாஸ்வேர்டை அச்சடித்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, கல்லாப்பெட்டிக் கணினியில் முருகன் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்தார்கள். பில் போடுகிறவர் முதல் டீ கொண்டுவருகிறவர் வரை எல்லாருக்கும் அது மனப்பாடம். மாற்றலாம் என்று ஜொவிட்டா கேட்டபோதெல்லாம், எண்ணை மாற்றினால் யாவாரம் படுத்துவிடும் என்று அண்ணாச்சி வாயை அடைத்துவிட்டார்.

"ஆடி முடியறதுக்குள்ள சரி பண்ணு. மத்தத அப்புறம் பேசிக்கிடலாம்."

மற்றது என்ன என்று அவளுக்குத் தெரியும். கணவன் டெரன்ஸ் முதுகுவலியால் ஆட்டோவை விற்றுவிட்டு வீட்டோடு கிடக்கிறான். சாந்தோமில் அவர்கள் வீட்டு அடுப்பு எரிவதே இந்த வேலையால்தான்.

முதலில் தளத்தை மூடி, 'விரைவில் திறப்போம்' என்று ஒரு வரி போட்டாள். யாருடையதென்றே தெரியாத நிர்வாகிக் கணக்கு ஒன்று உள்ளே இருந்தது, தூக்கினாள். சேலைப் படங்களுக்கு நடுவே ஒளிந்திருந்த கோப்புகளை அழித்தாள். மறுநாள் பார்த்தால் அவை கரையான் மாதிரி மறுபடி கிளம்பியிருந்தன. கடைசியில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஹேக் ஆவதற்கு முன் எடுத்து வைத்திருந்த பிரதியை ஏற்றினாள். அதற்குப் பின் வந்த சேலைகளைத் திரும்பப் படமெடுக்க வேண்டியிருந்தது. விற்பனைப் பிரிவு பங்கஜம் தன் சாப்பாட்டு நேரத்தில் வந்து, ஒவ்வொன்றாகத் தோளில் போட்டு நின்றாள்.

"இன்னாமா, மூஞ்சே சரியில்ல. துன்னியா?"

"ஆச்சுக்கா."

ஆகவில்லை என்பது பங்கஜத்துக்குத் தெரிந்தது. "எவனோ பூந்ததுக்கு உன்ன ஏசிக்கினு கீறாரு. மருமவன ஒரு வார்த்த கேட்டாரா?"

"பழி ஓரிடம் பாவம் ஓரிடம். விடுங்கக்கா, சரியாயிட்டா கோவம் போயிடும்."

அப்படித்தான் அவள் நம்பினாள். தளத்துக்குள் தன் கணக்கையும் மருமகன் கணக்கையும் மட்டும் வைத்து, ஆளுக்கொரு புதுப் பாஸ்வேர்ட் போட்டாள். இனி யார் உள்ளே போனாலும் அவரவர் செல்லுக்கு வரும் எண்ணையும் போட வேண்டும். ஆடி முடியும் முன்பே சிவப்புத் திரை விலகி, கோலாலம்பூரிலிருந்து முதல் ஆர்டர் விழுந்தது. ஜொவிட்டா சந்தோஷத்தில் லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியிறங்கினாள்.

கல்லாவில் அண்ணாச்சியோடு மருமகன் ராம்குமார் இருந்தான்.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க. இனிமே தரமணில ஒரு கம்பெனி பாத்துக்கும். பழைய ஆளுங்க கணக்கு எதுவும் உள்ள இருக்கக் கூடாதுன்னு சொல்றாங்க. உங்களத நீங்களே எடுத்துடுங்க, எனக்கு அது எங்க இருக்குன்னு தெரியல."

"நான் என்ன தப்பு பண்ணேன் அண்ணாச்சி?"

அண்ணாச்சி ரூபாய்க் கட்டில் ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டிருந்தார். "மனசுல வச்சுக்காதம்மா. உன் நேரம் சரியில்ல."

அவள் மாடியேறினாள். தன் கணக்கிலிருந்து தன்னையே நீக்க முடியாது என்பதால் ராம்குமாரின் கணக்கில் நுழைந்தாள். அவன் கீழேயிருந்து போனில் தன் செல்லுக்கு வந்த எண்ணைப் படித்துச் சொன்னான். தன் பெயரைத் தேடி நீக்கச் சொன்னதும் திரை ஒரு கேள்வி கேட்டது. இவர் எழுதிய குறிப்புகளையும் ஏற்றிய படங்களையும் அழித்துவிடலாமா, வேறொருவர் பெயருக்கு மாற்றலாமா?

கடையிலிருந்த ஒவ்வொரு சேலைக்கும் அவள்தான் குறிப்பு எழுதியிருந்தாள். அம்புக்குறி 'அழி' என்பதன் மேல் போய் நின்றது. ஒரு சொடுக்கில் எல்லாம் போய்விடும். பங்கஜம் சாப்பிடாமல் நின்ற படங்களும் போய்விடும். அவளுக்கு அழுகை முட்டியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அங்கிருந்த ஒரே பெயரைத் தேர்ந்தெடுத்துச் சொடுக்கினாள்.

தளத்தைத் திறந்து பார்த்தாள். முதல் சேலையே வந்தது.

'வெங்காயச் சருகு நிறம், தாழம்பூ ரேக்குக் கரை. என் அம்மாவின் கல்யாணச் சேலையும் இதே நிறம்தான். எழுதியவர்: ராம்குமார்.'