ஏணிமேல் உட்கார்ந்தவன்

பூனை என்று பட்டப்பெயர் வாங்கியவன் ஏணியை இறக்கித் தரையில் படுக்கப்போட்டு, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கூரைக்குப் போக வேறு வழி கிடையாது. இனி போக நினைப்பவர் அவனைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் போக வேண்டும்.

"மாப்ள, விளையாடாத, எந்திரி," என்றார் மச்சான். அவன் மனைவியின் அண்ணன். இருவரும் கூட்டாகக் கூரை போடுகிறவர்கள். வயதில் மூத்த மச்சானுக்குப் புத்தி சொல்வதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று. அதனால்தான் அவன் பேச்சை விட்டுவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

அச்சகத்தின் பின்கூடத்துக்கு இன்னும் ஒரே ஒரு ஷீட்தான் பாக்கி. நெளிநெளியான, கறுத்த, லேசான ஷீட். ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம், அதுதான் வினையே. கைக்கு லேசானது காற்றுக்கும் லேசு. வெறும் ஷீட்டின் மேல் காலை வைத்தால் உடைந்துவிடும், கதை முடிந்தது. கட்டைப் பிரித்து ஒன்றை உருவி மச்சான் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். மரக்கிளைகள் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தன.

"மழை வந்தா என் பேப்பர் கட்டெல்லாம் என்னங்க ஆகும்?" என்று அச்சகத்துக்காரர் கையைப் பிசைந்தார்.

"காலையிலேயே பிளாஸ்டிக் போட்டு மூடிட்டேன் சார். காத்து அடங்கட்டும். பதறாத காரியம் சிதறாது," என்றான் பூனை.

"நாலே ஸ்க்ரூ! வெத்தல போடுற நேரம்," என்று மச்சான் எகிறினார். கோபம் அவருக்கு மூக்கு நுனியில்தான் குடியிருந்தது. "ஒரு தடவ விழுந்ததும் விழுந்த, பயந்தாங்கொள்ளி ஆயிட்ட. உனக்குப் பூனைன்னு பேர் வச்சவன ஒதைக்கணும்."

"ஆமா, பயம்தான்," என்றான் பூனை. அதைச் சொல்ல அவனுக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை. கிளம்பும்போது மனைவி சொன்னது காதிலேயே இருந்தது. 'ரெண்டு பேரும் நடந்து வீட்டுக்கு வரணும். இன்னொரு தடவ ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்தா என்னால தாங்க முடியாது.' அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன்.

மச்சான் வாயைத் திறப்பதற்குள் காற்று முந்திக்கொண்டது. சுவரில் சாய்ந்திருந்த ஷீட் ஒரு சலசலப்போடு எழும்பி, முற்றத்தைக் கடந்து, தண்ணீர்த் தொட்டியில் 'டமார்' என்று மோதி மூலை பிய்ந்து விழுந்தது. அது பறந்தது சரியாக மச்சானின் கழுத்து உயரத்தில். அச்சகத்துக்காரர் 'ஐயோ' என்று உள்ளே ஓடிவிட்டார். மச்சான் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அதப் பிடிச்சுக்கிட்டு மேல நின்னிருந்தா, நீங்களும் சேந்து பறந்திருப்பீங்க மச்சான்."

மழை பிடித்துக்கொண்டது. இருவரும் ஏணியோடு இறவாரத்தில் ஒதுங்கினார்கள். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததைப் பூனை அப்போதுதான் சொன்னான்.

"மட்டமான ஷீட்டு, அதான் உடைஞ்சதுன்னு ஊரெல்லாம் சொன்னேன்ல? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஷீட்டுல ஒரு குத்தமும் இல்ல. அன்னைக்கு ஸ்க்ரூ டப்பாவ அந்தக் கோடியில விட்டுட்டேன். ஸ்க்ரூ வரிசைக்கு அடியிலதானே சட்டம், அதுக்கு மேலதானே நம்ம பலகை? பலகையில சுத்திப் போனா இருபது காலடி. வெறும் ஷீட்டு மேல குறுக்கே போனா ஆறு. கயிறு எட்டலன்னு சேஃப்டி பெல்ட்டையும் கழட்டினேன். பூனை எப்படி விழுந்தாலும் நாலு கால்ல நிக்குமாம். நான் இடுப்புல விழுந்தேன்."

மச்சான் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்றும் மழையும் ஓய்ந்து, மரங்கள் அசையாமல் நின்ற பிறகு பூனை ஏணியை நிமிர்த்திக் கட்டினான். பலகைகளைத் துணியால் துடைத்து, உபரியாக வாங்கிய ஷீட்டை இரண்டு பேருமாக மேலே ஏற்றி, இடத்தில் வைத்தார்கள். பூனை அதை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"ஸ்க்ரூ எங்க?" என்றார் மச்சான். டப்பா அந்தக் கோடியில் இருந்தது. காலையில் அவரே வைத்துவிட்டு வந்தது.

குறுக்கே ஆறு காலடி. மச்சான் டப்பாவைப் பார்த்தார். ஒரு கால் பலகையை விட்டுத் தூக்கியேவிட்டது, பழக்க தோஷம். பூனையின் கையிலோ ஷீட், கத்தினால் மனிதர் தடுமாறுவார். ஷீட்டை விடாமல் அவர் காலையே பார்த்தான்.

கால் திரும்பப் பலகைக்கு வந்தது. மச்சான் பெல்ட் கொக்கியைக் கயிற்றில் இழுத்துப் பார்த்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே பலகை வழியாக இருபது காலடி சுற்றிப் போய், இருபது காலடி சுற்றி வந்தார்.

வேலை முடிந்து ஏணியை வண்டியில் கட்டும்போது பூனையின் போன் அடித்தது.

"ஏங்க இவ்ளோ நேரம்?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. உங்கண்ணன் சுத்தி வந்தாரு, அதான் லேட்டு."

"எங்க சுத்தினாரு? மழையில ரெண்டு பேரும் எங்க போனீங்க?"

மச்சான் போனை வாங்கிக்கொண்டார். "நடந்துதான் வர்றோம்மா," என்றார். "ரெண்டு பேரும்."