தண்ணீர்: உண்டு

"ஊர்ல இருக்க ஊருணியெல்லாம் எண்ணியாச்சு. நம்ம வீட்டுக் கொழாயில தண்ணி வருதான்னு பாருங்க," என்றாள் என் மனைவி செவந்தி. டிபன் பாக்ஸைக் கூடையில் வைத்துக்கொண்டு முந்திரி உடைக்கும் ஷெட்டுக்குக் கிளம்பினாள். கணினியிலிருந்து தலையைத் திருப்பாமல் "ம்" என்றேன்.

அரிசி மில்லில் பில் போட்டுப் பழகியவன் நான். டேட்டாபேஸை யாரும் சொல்லித்தரவில்லை. வீடியோ பார்த்து, அழித்து அழித்துக் கற்றது. எங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்துக்குச் சம்பளமில்லாமல் ஒரு பட்டியல் செய்து கொடுத்திருந்தேன். வண்டியில் தண்ணீர் தீர்ந்தால் மறுபடி நிரப்ப எங்கே போவது என்று அதில் பார்க்கலாம். தீ விபத்துகளை ஏற்றி மாத ரிப்போர்ட் எடுப்பதும் அதிலேயேதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆலங்குடியைச் சுற்றிப் பைக்கில் அலைந்து, நூற்றுப் பதினெட்டு ஊருணி, கிணறு, போர்வெல் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 'தண்ணீர்: உண்டு' என்று டிக் அடித்தேன். பார்த்த தேதிக்கு ஒரு கட்டம் வைக்கத் தோன்றவில்லை.

செவந்தி அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பியது சித்திரையில். மில்லுக்கு லீவு. பதினொரு மணிக்கு, தீயணைப்பு வண்டி ஓட்டும் நாகராசு போன் செய்தான்.

"அண்ணே, முந்திரி ஷெட்டு எரியுது. வண்டியில தண்ணி காலி. எங்கிட்டுப் போக?"

செவந்தி வெளியே வந்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நேரம் போகும் என்று நினைத்தேன். திரையில் மிக அருகில் இருந்ததைச் சொன்னேன். "தெக்க, அய்யனார் ஊருணி. ஒண்ணரை கிலோமீட்டர்."

அங்கே வெடித்த மண்ணில் ஆடுகள் நின்றன. வடக்கே தென்னந்தோப்பு போர்வெல்லுக்குத் திரும்பிப் போய் நிரப்பி வர இருபது நிமிடம் கூடுதலாயிற்று. மூட்டை அடுக்கிய பின்னறையில் மாட்டிக்கொண்டது செவந்தி ஒருத்திதான். வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், நிலைய அலுவலர் வீரய்யாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை உட்கார வைத்து டீ வரவழைத்தார். "கோடையில ஊருணி வத்துறது ஒங்க தப்பாங்க? மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க." திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். சற்றுத் தயங்கி, "மாச ரிப்போர்ட்டு அனுப்பணும். ஒங்களத் தவிர யாருக்கும் அதத் தொறக்கத் தெரியல," என்றார். நாகராசு கணினி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனான்.

முதலில் தேதிக் கட்டத்தைச் சேர்த்தேன். பிறகு அன்றைய விபத்தை ஏற்றினேன். இடம், நேரம், எரிந்த மூட்டைகள். கடைசிக் கட்டத்தில், வேலை மிச்சமாகட்டும் என்று எல்லாப் பதிவுக்கும் தானாக விழும்படி நானே வைத்த எண் இருந்தது. அதை மாற்றக் கை போகவில்லை.

ஏழு மாதமாயிற்று. மாதா மாதம் போகிறேன், டீ வருகிறது. யாரும் கேட்கவில்லை. அந்தப் பதிவில், இறந்தோர்: 0.