காணாமல் போன நானூறு மோட்டார்

கம்ப்யூட்டரில் நானூறு மோட்டார் இருப்பு. அலமாரியில் ஒன்றுகூட இல்லை. ஸ்டோர்கீப்பரான என் வேலைக்கே உலை வைத்துவிட்டது. மூன்று நாளாக மேனேஜர் என் சாப்பாட்டுப் பையைக் குடைந்தார். நானூறையும் நான் மென்று விழுங்கிவிட்டதாக நினைத்தாரோ என்னவோ!

அலமாரியிலிருந்து மோட்டாரை எடுத்து மின்விசிறியில் பொருத்தும் ஃபோர்மேன் மேல் எனக்குச் சந்தேகம். அவருடைய பின்னறைக் கதவைத் திறந்தேன். மோட்டார் பொருத்திய நானூறு மின்விசிறிகள், கூரை முட்ட!

"என்னண்ணே இது? ஆர்டர் முடிஞ்சதுன்னு கம்ப்யூட்டர்ல போட்டாத்தானே இருப்புல மோட்டார் கழியும்?"

"போட்டா அந்த மேனேஜர் மனுஷன் அடுத்த ஆர்டரைத் தலையில கட்டுவாரேப்பா!"

"அதுக்கு என்னைத் திருடனாக்குவீங்களா?"

மேனேஜர் முன்னாலேயே ஃபோர்மேனை 'ஆர்டர் முடிந்தது' பட்டனை அழுத்த வைத்தேன். இருப்பு பூஜ்யமானது. மேனேஜர் என்னிடம் அசடு வழிந்தார். அதே கையோடு ஃபோர்மேனுக்கு எண்ணூறு விசிறிக்கு ஆர்டர் போட்டார்.