மீனின் நீளம்

காலை பத்து ஐம்பது. மூன்று மணிக்கு அவளுக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு.

ஏரி மீன்களைக் கோடு போட்ட பலகையில் கிடத்திப் படமெடுத்து, உயிரோடு திரும்ப விட்டுவிடுவாள். படத்திலிருந்து நீளத்தைக் கணிக்க அவளே ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். நான்கு வருடத்தில் மீன்கள் பன்னிரண்டு சதவீதம் சிறுத்துவிட்டன என்று அது சொன்னது. ஆய்வேடு முழுக்க அந்த ஒரு எண்ணின் மேல்தான் நின்றது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் அந்தப் புரோகிராமைத் தன் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தார்.

இப்போது அது ஓடவில்லை. காலையில் லினக்ஸ் கேட்ட அப்டேட்டுக்குச் சரி என்று அமுக்கியிருந்தாள். படங்களைப் படித்துத் தரும் மென்பொருள் அதோடு காணாமல் போயிருந்தது.

கம்ப்யூட்டர் பிரிவு அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பரீட்சையன்னிக்குப் போயி யாராச்சும் அப்டேட் குடுப்பாங்களா? ஓடுற பஸ்ஸுல டயர் மாத்தற வேலைம்மா இது."

"குறுக்க வந்து நின்னுட்டே இருந்துச்சுண்ணே. போய்த் தொலையட்டும்னு அமுக்கிட்டேன்."

"வேற மெஷின்ல பழசு இருக்கா?"

"மத்த எல்லாத்துக்கும் நேத்து நீங்கதானே அப்டேட் போட்டீங்க."

"அதுவும் சரிதான்."

பழைய பதிப்பைத் தேடிப் பிடித்தார். அது இன்னொரு பழைய மென்பொருளைக் கேட்டது. அது வேறொன்றைக் கேட்டது.

"சொந்தக்காரங்கள விருந்துக்குக் கூப்பிட்ட கதைதான். இவன் வரணும்னா அவனும் வரணுமாம்."

கடைசியாகக் கேட்டது எந்த சர்வரிலும் இல்லை. மணி பன்னிரண்டரை.

"புதுசையே போட்டுடுவோம். உன் புரோகிராம்ல ரெண்டு வரி மாத்தினாப் போதும்."

ஒன்றேகாலுக்கு ஓடியது. போன உயிர் திரும்பி வந்தது. சரியாகிவிட்டது என்று கணவனுக்குச் செய்தி அனுப்பினாள். 'அம்மா தெரு முழுக்க டாக்டர் மருமகள்னு சொல்லியாச்சு, இனி சரியாகாம இருக்க முடியாது' என்று பதில் வந்தது. சிரித்தாள்.

புரோகிராம் திரையில் வருடவாரி நீளத்தைக் கோடாக வரையத் தொடங்கியது. சரிய வேண்டிய கோடு சரியவில்லை. முதல் வருடம் இருபத்தொன்று புள்ளி நான்கு சென்டிமீட்டர். நான்காம் வருடம் இருபத்தொன்று புள்ளி மூன்று.

மறுபடி ஓட்டினாள். அதே கோடு.

அண்ணன் புதிய பதிப்பின் குறிப்புகளைத் திறந்து, தனக்குத் தெரிந்த அளவில் சொன்னார். "பெரிய படங்கள்ல ஓரத்தைக் கொஞ்சம் உள்ள தள்ளிக் காட்டின தப்பைத் திருத்தியாச்சாம். படம் பெருசாக ஆகத் தப்பும் பெருசாயிருக்கு. உனக்கு இதனால ஒண்ணும் இல்லையே?"

வருடத்துக்கு ஒரு புது கேமரா வந்தது. ஒவ்வொன்றும் போன வருடத்ததைவிடப் பெரிய படம் எடுத்தது. கடைசிக் கேமராவுக்கு அவளே மன்றாடிக் கடிதம் எழுதியிருந்தாள்.

நான்காம் வருடப் படம் ஒன்றைத் திறந்தாள். பலகையின் கோடுகளை விரலால் எண்ணி மீனை அளந்தாள். புதிய கணக்கோடு ஒத்துப்போனது. அடுத்த மீன். அடுத்தது. பத்தாவது மீனோடு நிறுத்தினாள்.

மீன்கள் சிறுக்கவில்லை. ஏரியில் எதுவுமே நடக்கவில்லை.

அண்ணன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"பழைய கோடு உன் ஏட்டுலயே அச்சாகியிருக்குல்ல. அதைக் காட்டு. மெஷின் படுத்துடுச்சுன்னு நான் வந்து சொல்றேன். எனக்குக் கெட்ட பேரு புதுசா என்ன?"

"நீங்க பாத்துட்டீங்களேண்ணே."

"நான் என்னத்தப் பாத்தேன்? எனக்கு மீனும் தெரியாது, ஒண்ணும் தெரியாது."

அவர் எழுந்து போனார். நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனார். அவள் ஜன்னலை மூடினாள். வெக்கையாக இருந்தது, திறந்தாள். திரையில் கோடு மேசை விளிம்பைப் போல நேராகக் கிடந்தது.

இரண்டு ஐம்பதுக்கு வழிகாட்டிப் பேராசிரியை வாசலில் வந்து நின்றார். நல்ல புடவை கட்டியிருந்தார்.

"எல்லாரும் வந்தாச்சும்மா. எக்ஸ்டர்னல் வந்ததுலேர்ந்து அந்தப் பன்னெண்டு சதவீதத்தைப் பத்தியேதான் பேசிட்டிருக்காரு. புரோகிராம் ஓடுதில்ல?"