இடப்பக்கத்துக் கல்லீரல்

எறையூர் ராசாங்கத்தின் மகள் ஜெயசித்ரா நர்ஸ் படிப்பில் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக ஏப்பம் விட முடியவில்லை. பிளஸ் டூவில் அவள் வாங்கிய மார்க்குக்கு டாக்டர் படிப்பு எட்டவில்லை. பெரம்பலூரில் ஒரு இரும்புக்கடைக்கு மேல்மாடியில் நடந்த சின்ன நர்சிங் பள்ளிதான் எட்டியது. ஆனால் சனிக்கிழமை அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிற தோரணையைப் பார்த்தால், பெரிய சர்ஜன் ஒருவர் லீவில் ஊருக்கு வருவது போலிருக்கும். அம்மா மருதாயி வாசல் பெருக்கி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்தால், "லம்பார் வெர்ட்டிப்ரா" என்பாள். அப்பா இருமினால் "பிராங்கைட்டிஸ்" என்பாள்.

சர்க்கரை ஆலையில் ஷிப்டு முடித்துவந்து சோற்றில் கைவைத்த ராசாங்கம் ஒருநாள் கேட்டார்.

"ஏம்மா, இந்த வூட்டுல ஒரு ஆளாச்சும் நல்லா இருக்கோமா, இல்லையா?"

"ஒங்களுக்குத் தெரியாதுப்பா. ஒடம்புங்கிறது ஒரு பெரிய ஃபேக்டரி."

"ஃபேக்டரி எனக்குத் தெரியும்மா. அங்க நல்லா ஓடிக்கிட்டிருக்கிற மெஷின யாரும் போய் நோண்ட மாட்டாங்க."

ஜெயசித்ரா புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். படிக்காதவர்களிடம் வாதாடுவது தன் தகுதிக்குக் குறைவு என்று அப்போது அவளுக்கு ஓர் எண்ணம் இருந்தது.

எண்ணத்துக்குக் காரணமும் இருந்தது. உடற்கூறு பாடத்தில் வகுப்பிலேயே அவள்தான் முதல் மார்க். தேவயானி மேடம் வெறும் உடம்புப் படத்தைக் கொடுத்து அம்புக்குறிக்கு நேராகப் பெயர் எழுதச் சொன்னால், மற்ற பெண்கள் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே இவள் எழுதி முடித்து ஜன்னல் வழியாக டவுனை வேடிக்கை பார்ப்பாள். தமிழ்வழியில் படித்தவள்தான். ஆனாலும் ஆங்கிலப் பெயர்களை உரக்கக் கத்திக் கத்தி மனப்பாடம் செய்துவிட்டாள்.

பள்ளியின் சுவரில் ஒரு சார்ட் தொங்கியது. தோல் உரித்த ஒரு மனிதன் கைகளை விரித்துக்கொண்டு நிற்பான். ஜெயசித்ரா தினமும் அவன் எதிரே நின்று, அவன் உடம்பில் தன்னுடைய எந்தக் கைப் பக்கம் என்ன தெரிகிறதோ, அதைத் தன் உடம்பிலும் அதே கைப் பக்கம் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். சார்ட்டில் கல்லீரல் அவளுடைய இடக்கைப் பக்கம் தெரிந்தது. இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து "லிவர்" என்றாள். குடல்வாலும் இடக்கைப் பக்கமே தெரிந்தது. இடது அடிவயிற்றைத் தொட்டு "அப்பெண்டிக்ஸ்" என்றாள். இதயம் மட்டும் கணக்கில் இடித்தது. அது சார்ட்டில் அவளுடைய வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இதயம் இடப்பக்கம் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். ஆகவே சார்ட்டை அச்சடித்தவன் அந்த ஓர் இடத்தில் தப்பு செய்துவிட்டான் என்று முடிவுகட்டி, அவனைப் பெருந்தன்மையாக மன்னித்தும் விட்டாள்.

புத்தகத்தில் கல்லீரல் இருக்கும் இடத்துக்கு நீளமான ஒரு பெயர் போட்டிருந்தது. அதற்கு முன்னால் 'ரைட்' என்று ஒரு சொல். ரைட் என்றால் சரி. பெயருக்கு முன்னால் திருமதி போடுகிற மாதிரி ஏதோ மரியாதை போலிருக்கிறது என்று அதையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிட்டாள். பின்னாளில் இந்தக் கதையை அவளே எல்லோரிடமும் சொல்வாள். "எங் கணக்குப்படி எல்லாச் சாமானும் ஒரே பக்கம். மனுசங்க எப்புடித்தான் சாயாம நடக்கிறாங்களோன்னு எனக்கு ஒரு தடவகூடத் தோணல பாருங்க" என்பாள்.

அவளுடைய அறைத்தோழி பர்சானா, லப்பைக்குடிக்காட்டுப் பெண். அத்தா ஹஸ்ஸான் குவைத்தில் ஒரு கடையில் இருந்தார். ஊரில் அம்மா குல்சும் மட்டும். பர்சானா நிதானமாகப் படிப்பவள். சந்தேகம் அதிகம். அதனால் மார்க் குறைவு. ஜெயசித்ரா அவளைக் கையைப் பிடித்துக் கரையேற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

2004-ஆம் வருஷம், செய்முறைப் பரீட்சை அரியலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடப்பதாக இருந்தது. அதற்கு முந்தைய நாள் பர்சானா தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள். சாப்பாட்டைத் தொடவில்லை. "பரீட்ச பயம்டி" என்று ஜெயசித்ரா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். காலையில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறும்போது பர்சானாவின் நெற்றி லேசாகச் சுட்டது. வலி இடம்மாறிக் கீழே இறங்கியிருந்தது.

"ஜெயா, ஒருவேள குடல்வாலா இருக்குமோ?"

"எந்தப் பக்கம் வலிக்குது?"

"வலது பக்கம், கீழ."

"அப்பறம் என்ன? குடல்வாலு இடது பக்கம்டி. இது வாயு."

"மேடம் வலதுன்னு சொன்னாப்புல இருக்கே."

"அந்தப் பாடத்துல ஃபர்ஸ்ட் மார்க் யாரு? நீயா, நானா?"

பர்சானா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓடி ஓடிக் குதறிப்போட்ட ரோடு அது. பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் பர்சானா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். "பாத்தியா, வாயு உருளுது" என்று ஜெயசித்ரா விளக்கம் சொன்னாள். பஸ் குலுங்கும்போது வலது அடிவயிறு வலித்தால் அது எதற்கு அடையாளம் என்று புத்தகத்தில் ஒரு பக்கமே இருந்தது. அந்தப் பக்கத்தை அவள் ஒரு கமா விடாமல் ஒப்பிப்பாள். அரியலூரில் இறங்கியதும் பன்னீர் சோடா வாங்கி, முழுப் பாட்டிலையும் பர்சானாவைக் குடிக்கவைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சில் பர்சானா சுருண்டு உட்கார்ந்தாள். உள்ளே முதலில் கூப்பிட்டது ஜெயசித்ராவைத்தான்.

பரீட்சை எடுத்தவர் அரவிந்தன் என்ற இளம் டாக்டர். கட்டிலில் தங்கசாமி என்ற லாரி டிரைவர் மஞ்சள்காமாலைக்குச் சேர்ந்து படுத்திருந்தார். ஓரமாகத் தேவயானி மேடம், தன் முதல் மார்க் மாணவியைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவருக்கு லிவர் எங்க இருக்குன்னு கை வச்சுக் காட்டும்மா" என்றார் டாக்டர்.

இவ்வளவுதானா என்று ஜெயசித்ராவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. போய் தங்கசாமியின் இடது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தினாள். தங்கசாமி நெளிந்தார்.

"கூசுதும்மா."

"கொஞ்சம் பொறுத்துக்குங்க. லிவர் அப்படித்தான் இருக்கும்" என்றாள் அவள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தேவயானி மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரும்மா உனக்கு லிவர் அங்க இருக்குன்னு சொன்னது?"

"சார்ட்ல இருக்கு சார். இந்தப் பக்கந்தான்."

"சார்ட்ல இருக்கிற ஆளு உன்னப் பாத்துல்லம்மா நிக்கிறாரு. அவரோட வலது கை, உன்னோட இடது கைக்கு எதுத்தாப்புலதான் இருக்கும்."

ஜெயசித்ராவுக்கு முதலில் அது விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இத்தனை மாதமாக அடுக்கிவைத்த உறுப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து பக்கம் மாறி உட்கார்ந்தன. அந்த அச்சுக்காரன் ஒரு தப்பும் செய்யவில்லை. ரைட் என்பது மரியாதை இல்லை. முகம் சுடச்சுட அவள் அப்படியே நின்றாள். உடனே அடுத்த உறுப்பு நினைவுக்கு வந்தது.

"சார், அப்போ அப்பெண்டிக்ஸ்?"

"அதுவும் வலதுதான்."

"சார், வெளிய ஒரு அப்பெண்டிக்ஸ் உக்காந்திருக்கு சார்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

டாக்டருக்கு அவள் சொன்னது புரியாவிட்டாலும் ஓடிய வேகம் புரிந்தது. பின்னாலேயே வந்தார். பர்சானாவைப் படுக்கவைத்து வலது அடிவயிற்றில் மெல்ல அழுத்திக் கையை எடுத்ததும் அவள் துடித்துப்போனாள். ரத்தம் எடுத்தார்கள். உடனே ஆபரேஷன் என்றார்கள். கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்கள்.

"சோடா" என்றாள் பர்சானா.

"வயித்து வலியோட எவன் சோடா குடுத்தது?" என்றார் மயக்கமருந்து டாக்டர். ஜெயசித்ரா சுவரில் ஒட்டியிருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சோடா இறங்கி வயிறு காலியாகும்வரை ஆபரேஷனைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. அந்தக் காத்திருப்பு முழுக்க அவள் பர்சானாவின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"அழுவாதடி, மூக்கு ஒழுவுது" என்றாள் பர்சானா. "வலதுன்னு எனக்குத் தெரியும். நீ அவ்வளவு அடிச்சுச் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. இனிமே ஒம்பேச்ச நான் கேக்க மாட்டேன்."

"கேக்காத."

குடல்வால் உடையவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உடைந்திருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். குல்சும் ஊரிலிருந்து ஓடிவந்தபோது மகள் கண்விழித்திருந்தாள். யாரோ அதற்குள் அவரிடம், கூடப் படிக்கிற பெண் பரீட்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து டாக்டரைக் கூட்டிவந்தாள் என்று சொல்லியிருந்தார்கள். அது பொய்யும் இல்லை. குல்சும் ஜெயசித்ராவின் முகத்தை இரண்டு கையாலும் வழித்துக்கொண்டார்.

"அல்லாஹ் ஒன்னைய நல்லா வச்சிருப்பான்மா. மவுத்தாப் போக இருந்த எம்புள்ளைய மீட்டுக் குடுத்துட்ட."

"அப்புடி இல்லம்மா, நாந்தான் இடதுன்னு சொல்லி..."

"எவ்வளவு அடக்கம் பாரு இந்தப் புள்ளைக்கு" என்று குல்சும் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னார். ஜெயசித்ரா மறுபடியும் தொடங்கினாள். சோடாவைப் பற்றிச் சொன்னாள், ஓமத்தண்ணீரைச் சொன்னாள். கைப்பணத்தில் சோடா வேறு வாங்கிக்கொடுத்தாளா என்று குல்சும் இன்னும் உருகினார். பர்சானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் பேச்ச நிறுத்துங்க. சிரிச்சா தையல் இழுக்குது" என்றாள்.

அந்தப் பரீட்சையில் ஜெயசித்ரா ஃபெயில். பர்சானா எழுதவே இல்லை. அடுத்த தடவை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். இந்த முறை பர்சானா கட்டிலில் படுத்துக்கொள்ள, ஜெயசித்ரா அவள் மேல் கைவைத்துப் படித்தாள். தப்பான பக்கம் போனால் பர்சானா கையில் ஓர் அடி போடுவாள். நிறைய அடி வாங்கினாள். தேறிவிட்டாள். முதல் மார்க் பர்சானாவுக்கு.

ஆனால் லப்பைக்குடிக்காட்டில் ஜெயசித்ராவின் பெயர் வேறு மாதிரி பரவிவிட்டது. பர்சானாவின் கல்யாணத்துக்குப் போனவளை, கையைப் பார்த்தே நோயைச் சொல்லும் பெண் என்று குல்சும் சொந்தக்காரப் பெண்களிடம் அறிமுகப்படுத்திவைத்தார். பிரியாணிப் பந்தியில் ஓர் அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது, என்னவாக இருக்கும் என்று ரகசியமாகக் கேட்டார்.

ஜெயசித்ரா தான் எந்தக் கையால் சாப்பிடுகிறோம் என்று ஒருமுறை குனிந்து பார்த்து உறுதிசெய்துகொண்டாள்.

"டாக்டரப் போய்ப் பாருங்கம்மா. நாளைக்கே போயிருங்க" என்றாள்.

"என்னன்னு கண்டுபுடிச்சிருச்சு. சொல்ல மாட்டேங்குது" என்று அந்த அம்மாள் குல்சுமிடம் போய்ச் சொன்னார்.